இது ஒரு

பச்சைத் துணிக் கூடாரத்துக்கு அந்தப் பக்கம்
டாக்டர் இங்,
குணாளனின் திறந்த மண்டைக்கு மேல் குனிந்தபடி.
இந்தப் பக்கம் குணாளனின் முகம்,
நான்,
என் மடியில் படக்கட்டு.

நொவீனாவில் காலை பத்தேகால்.
"வலிக்குதா?"
"மேல்மாடியில யாரோ நாற்காலி நகர்த்துற மாதிரி இருக்கு, மிஸ்."

உச்சி முதல் பாதம் வரை
வலியைப் பட்டுவாடா செய்கிற மூளைக்குத்
தன்னைத் தொட்டால் தெரியாது.
மரப்பு ஊசி தோலுக்கு மட்டும்.

விதி எளிது.
ஒவ்வொரு படத்துக்கும் "இது ஒரு" என்று தொடங்கவேண்டும்.
இது ஒரு குடை.
இது ஒரு சாவி.
இது ஒரு ரம்புத்தான்.
பழைய கட்டில் பனிமனிதன் இருந்தான், கணப்படுப்பு இருந்தது.
எடுத்து வீசிவிட்டு
யீஷூன் ஈரச்சந்தையில் நானே பிடித்த படங்கள் இவை.

இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்.
அடுத்த நிறுத்தம் எதுவென்று தெரிந்த குரலில்
அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே வருகிறார்.

அந்தப் பக்கம் மின்முனை இறங்குகிறது.
எங்கே என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

"இது ஒரு...
இது ஒரு..."

நாக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது.
ஊதாத் தோல், பச்சைக் காம்பு,
காம்பில் ஒட்டியிருக்கும் முள்கூட அவருக்குத் தெரிகிறது.
பெயர் மட்டும் இல்லை.

"எண்ணெயில வதக்குவோமே...
தெரோங்!"

நூராய்னி முகக்கவசத்துக்குள் சிரிக்கிறாள்,
தன் மொழி தப்பி வந்ததற்காக.

மின்முனை எழுந்ததும்
"கத்தரிக்கா, கத்தரிக்கா, கத்தரிக்கா" என்கிறார்,
பையில் பணப்பை இருக்கிறதா என்று
திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பவர் போல.

அந்த இடத்தில் டாக்டர் ஒரு காகிதத் துணுக்கு வைக்கிறார்.
ஏழு என்று எண். பெரிய அரிசி அளவு.
அதன் கீழே கத்தி போகாது.

எண்ணாயிரத்து அறுநூறு கோடி நரம்பணுக்கள் என்று எழுதி
மதிப்பெண் வாங்கியவள் நான்.
அதில் கத்தரிக்காய் எந்த புளோக், எந்த மாடி
என்று யாரும் கேட்கவில்லை.
ஓரணு இன்னோரணுவைத் தொடுவதில்லை என்றும் எழுதினேன்.
நடுவில் மயிரிழையினும் மெல்லிய வெளி,
ஒவ்வொரு செய்தியும் அதைக் கடந்தாக வேண்டும்.
இந்த ஊர் ரயிலில் தமிழில் எச்சரிக்கிறார்களே,
இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி.

பதினொன்றாம் புள்ளி.
"இது ஒரு ஏணி."
மறுபடி.
"இது ஒரு ஏணி."
மறுபடி.
"இது ஒரு..."

வலது கை எழுந்து
காற்றில் இரண்டு படி ஏறி நின்றது.

மூன்றில் இரண்டு தவறினால்தான் துணுக்கு.
ஒன்று தவறினால் இல்லை.
அப்படித்தான் சொன்னேன்: ஒன்று.
குரல் நடுங்கவில்லை.
கட்டி அதற்கு நேர் கீழே இருந்தது.

*

ஐந்து வாரம் கழித்து வந்தார்.
தலையில் தொப்பி, கையில் எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு.
குடை, சாவி, ரம்புத்தான்,
கத்தரிக்காய் கொஞ்சம் பெருமையோடு.
அடுத்த படத்துக்கு
"இது ஒரு"
என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏறுவதற்கு என்று தெரியும்.
சுவரில் சாய்த்து வைப்பது என்று தெரியும்.
சின்ன வயதில் அதிலிருந்து விழுந்து
முழங்கையில் தையல் போட்டதைக் காட்டினார்.

"விடுங்க மிஸ், பஸ்ஸுல ஏற படிக்கட்டு போதும்.
சரி, என்ன அது, சொல்லுங்க."

சொன்னேன்.
"ஏணி," என்றார் தெளிவாக.
"ஏணி, ஏணி. இவ்வளவுதானா?"

மின்தூக்கி வரை கூடப் போனேன்.
கதவு மூடும்போது
உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு மறித்தது.

"இப்ப என்னமோ சொன்னீங்களே,
அது என்ன?"